கசடிலிருந்து வினையூக்கி: சிப்ரோஃப்ளாக்சசினைச் சிதைக்கும் இரும்புக் கரியைச் செய்வதும் சோதிப்பதும்

ஐதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில், ஏறக்குறைய 90 மருந்து மூலப்பொருள் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வந்த பொது நிலையம் ஒன்றின் வெளியேற்ற நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்து இருந்ததை 2007ஆம் ஆண்டு சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட அது அதிகம். மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் 1914இல் அறிவித்த செயலூட்டப்பட்ட கசடு முறையைத்தான் உலகின் பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்கள் இன்றும் பின்பற்றுகின்றன; மக்கக்கூடிய கரிமப்பொருளை நுண்ணுயிர்களுக்கு இரையாக்குவது அதன் அடிப்படை. நுண்ணுயிர்களைக் கொல்வதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு மூலக்கூறை அதே நுண்ணுயிர்களிடம் கொடுத்துத் தின்னச் சொன்னால் அது அவ்வளவாக நடப்பதில்லை. சிப்ரோஃப்ளாக்சசினில் பெரும்பகுதி சிதையாமல் கசடில் ஒட்டிக்கொண்டு போகிறது. எஞ்சியது நீருடன் ஆற்றுக்குப் போகிறது.

அந்தக் கசடையே காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியால் பெர்சல்ஃபேட் என்னும் ஆக்சிஜனேற்றியைத் தூண்டி, நீரில் எஞ்சியுள்ள மருந்தைச் சிதைப்பதே இங்கே விளக்கப்படும் முறை. ஆய்வக அளவில் ஒரு முதுநிலை மாணவர் இரண்டு வாரங்களில் செய்து பார்க்கக்கூடியது. கரி செய்வது இதில் எளிய பாதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்த பொருள் உண்மையில் வினையூக்கியா, அல்லது மருந்தைத் தன் துளைகளுக்குள் ஒளித்துவைக்கும் வெறும் உறிஞ்சியா என்பதைக் கண்டறிவதுதான் கடினமான பாதி; ஆகவே இக்கட்டுரையில் சோதனைக்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

எந்தக் கசடு?

கசடு எல்லாம் ஒன்றல்ல. சுத்திகரிப்பு நிலையத்திற்குச் சென்று வாளியை நீட்டுவதற்கு முன், இயக்குநரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கசடு செரிமானத் தொட்டியில் பயோகேஸ் எடுக்கப்பட்ட பின் வருகிறதா, அல்லது நேராக வருகிறதா? நீரைப் பிழிவதற்கு முன் பாலிமர் சேர்க்கிறார்களா, சுண்ணாம்பு சேர்க்கிறார்களா? பாஸ்பரஸை நீக்கவோ ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கட்டுப்படுத்தவோ ஃபெரிக் குளோரைடு போடுகிறார்களா?

செரிமானம் ஆன கசடில் கரிமப்பொருள் குறைந்து சாம்பல் மிகுந்திருக்கும். உலர் எடையில் பாதி வரைகூட மணலும் களிமண்ணும் கனிம உப்புகளுமாக இருக்கலாம். செரிமானம் ஆகாத கசடில் கார்பனும் புரதத்திலிருந்து வரும் நைட்ரஜனும் கூடுதல். நைட்ரஜன் ஏறிய கரி பெர்சல்ஃபேட்டை நன்றாகத் தூண்டும் என்பதால் கிடைத்தால் அதையே எடுப்பது நல்லது. சுண்ணாம்பு கலந்த கசடைத் தவிர்க்கலாம். 700 டிகிரிக்கு மேல் அது சுட்ட சுண்ணாம்பாகி, பின்னர் நீரில் இட்டவுடன் பிஎச் அளவைத் தூக்கிவிடும். அதன்பின் நடப்பது வினையூக்கமா காரத்தின் விளைவா என்று பிரித்தறிவது பெரும்பாடு. மாறாக, ஃபெரிக் குளோரைடு போடும் நிலையத்தின் கசடில் இரும்பு ஏற்கெனவே ஏறியிருப்பதால், நாம் தனியாகச் சேர்க்க வேண்டிய அளவு குறையும்.

பிழிந்தெடுத்த கசடை, அதாவது நிலையத்தில் 'கேக்' என்று சொல்வதை, ஒரே இடத்திலிருந்து அள்ளாமல் ஒரே நாளில் நான்கைந்து முறை சிறிது சிறிதாக எடுத்துக் கலக்க வேண்டும். உலர் படுகையிலிருந்து எடுப்பதானால் அடியில் ஒட்டும் மணலை விட்டு மேலடுக்கை மட்டும் எடுக்கவும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கசடில் குடற்புழு முட்டைகள் உயிருடன் இருக்கும். ஆய்வகத்திற்கு வந்ததும் 105 டிகிரியில் 24 மணி நேரம், கெட்ட காற்றை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள் உலர்த்தவும். பொது ஓவனில் வைத்தால் அந்தத் தளத்தில் யாரும் உங்களுடன் பேசமாட்டார்கள்.

கேக்கில் பெரும்பாலும் 80 விழுக்காடு நீர்தான். ஒரு கிலோ கொண்டுவந்தால் 200 கிராம் உலர் கசடும், அதைச் சுட்டபின் 100 கிராமுக்குக் குறைவான கரியும் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த கட்டிகளை உரலில் இடித்து, 150 மைக்ரான் சல்லடையில் சலித்து, காற்றுப் புகாத புட்டியில் சேமிக்கவும். இரண்டு கிராமை 550 டிகிரியில் எரித்து எஞ்சும் சாம்பலின் எடையைக் குறித்துக்கொள்வது அவசியம்; அடுத்த மாதம் வேறு கசடு கொண்டுவந்து முடிவுகள் மாறும்போது, காரணத்தைத் தேட இந்த எண்ணே முதலில் கைகொடுக்கும்.

இரும்பேற்றுதல்

வெறும் கசடுக்கரியும் ஓரளவு வேலை செய்யும். ஆனாலும் இரும்பு சேர்ப்பதில் இரண்டு நன்மைகள் உண்டு: பெர்சல்ஃபேட்டுக்கு எலக்ட்ரானைத் தரும் மையங்கள் கூடுகின்றன, கரி காந்தத்தில் ஒட்டுவதால் வேலை முடிந்தபின் நீரிலிருந்து எளிதில் பிரிக்கலாம். கோபால்ட் இதைவிடச் சிறப்பாக வேலை செய்யும் என்பது உண்மைதான் என்றாலும், மருந்தை நீக்கும் பெயரில் நீரில் கோபால்ட்டைக் கசியவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

10 கிராம் உலர் கசடுக்கு 5 விழுக்காடு இரும்பு, அதாவது 0.5 கிராம் வேண்டும் என்று கொள்வோம். அறுநீரேற்ற ஃபெரிக் குளோரைடின் மூலக்கூறு எடை 270.3, இரும்பின் அணு எடை 55.85; ஆகவே 2.42 கிராம் உப்பு தேவை. அதை 50 மி.லி. வாலைவடிநீரில் கரைத்து, கசடைச் சேர்த்து, காந்தக் கலக்கியில் ஆறு மணி நேரம் கலக்கி, 80 டிகிரியில் கிளறிக்கொண்டே நீரை வற்றவிட்டு, இறுதியில் 105 டிகிரியில் உலர்த்த வேண்டும். வடிகட்டக் கூடாது, வடிகட்டினால் எவ்வளவு இரும்பு கசடில் தங்கியது, எவ்வளவு வடிநீரில் போனது என்று தெரியாது. கிளறுவதை நிறுத்தினால் இரும்பு பாத்திரத்தின் விளிம்பில் மஞ்சள் வளையமாகப் படிந்துவிடும். அது கண்ணில் பட்டால் தொகுதி முழுவதையும் மீண்டும் நனைத்துக் கலப்பதே முறை.

இரும்பு சேர்க்காத கசடையும் இதே போல வெறும் நீரில் ஊறவைத்து உலர்த்தி ஒரு தொகுதி தனியாக வைத்துக்கொள்ளவும். ஒப்பிடுவதற்கு அது இல்லாமல் இரும்பின் பங்கைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது.

உலை

நைட்ரஜன் ஓட்டமுள்ள குழாய் உலை வேண்டும். குழாய் குவார்ட்ஸ் அல்லது அலுமினாவாக இருக்கட்டும்; ஃபெரிக் குளோரைடு சூடேறும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவந்து எஃகுக் குழாயை அரித்துவிடும். அலுமினாப் படகில் கசடைப் பாதி உயரத்துக்கு மட்டும் பரப்ப வேண்டும்.

இங்கே பலரும் தவறவிடுவது காற்றை வெளியேற்றும் நேரம். 'அரை மணி நேரம் நைட்ரஜன் விட்டேன்' என்பார்கள். 6 செ.மீ. உள்விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட குழாயின் கொள்ளளவு 2.8 லிட்டர்; நிமிடத்துக்கு 100 மி.லி. ஓட்டத்தில் அரை மணி நேரத்தில் நுழைவது 3 லிட்டர் மட்டுமே. ஒருமுறைகூட ஒழுங்காக மாற்றாத அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜன், கரியின் மேற்பரப்பை எரித்துச் சாம்பலாக்கப் போதும். சுடுவதற்கு முன் நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் அரை மணி நேரம் விட்டு, பின்னர் 200 மி.லி.க்குக் குறைத்து இறுதி வரை அதையே தொடரவும். வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு ஆகியவை இருக்கும். உலை புகைக்கூண்டுக்குள் இருக்க வேண்டும். வெளியேறும் குழாயை முதலில் ஒரு வெற்றுப் புட்டிக்கும், அதன்பின் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். வெற்றுப் புட்டியை விட்டுவிட்டால், உலை குளிரும்போது கரைசல் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சூடான குழாய்க்குள் புகும். குளிர்ந்த முனையில் தார் படிந்து குழாய் அடைபடுவதும் உண்டு. குமிழி வருவது நின்றால் உடனே கவனிக்கவும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை நான் 800 டிகிரியைப் பரிந்துரைக்கிறேன். 400, 500 டிகிரியில் கரியின் விளைச்சல் அதிகம், மின்சாரமும் மிச்சம். ஆனால் கார்பன் அடுக்குகள் ஒழுங்குபடாமல் மின்கடத்தாத் தன்மையுடன் நிற்கும், இரும்பும் பெரும்பாலும் ஆக்சைடாகவே இருக்கும். 700ஐத் தாண்டும்போதுதான் கார்பன் கிராஃபைட் போன்ற அமைப்பை நோக்கி நகர்கிறது. நைட்ரஜன் அணுக்கள் அந்த அமைப்புக்குள் இடம் பிடிக்கின்றன. கார்பனே ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு இரும்பு ஆக்சைடை உலோக இரும்பாக ஒடுக்கத் தொடங்குகிறது. மருந்திலிருந்து கார்பன் வழியாகப் பெர்சல்ஃபேட்டுக்கு எலக்ட்ரான் பாய வேண்டுமானால் கார்பன் மின்சாரத்தைக் கடத்தியாக வேண்டும். நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றினால் அறை வெப்பநிலையிலிருந்து 800ஐ எட்ட இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அங்கே இரண்டு மணி நேரம் நிறுத்தி, பின்னர் தானாகக் குளிரவிடவும்.

குளிர்வதில் அவசரம் கூடாது. நுண்ணிய உலோக இரும்பு ஏறிய கரி சூட்டுடன் காற்றைத் தொட்டால் கனன்று சிவக்கும். ஒருமுறை 150 டிகிரியில் குழாயைத் திறந்துவிட்டு, படகில் கருப்பு நிறம் ஓர் ஓரத்திலிருந்து செம்பழுப்பாக ஊர்ந்துகொண்டே போவதைக் கையில் இடுக்கியுடன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்று கிடைத்தது துருவும் சாம்பலும்தான். நைட்ரஜன் ஓட்டத்தை நிறுத்தாமல் 50 டிகிரிக்குக் கீழ் வரும் வரை காத்திருக்கவும்.

குழாய் உலை கிடைக்காதவர்கள், மூடியிட்ட மூசையைக் கரித்தூள் நிரம்பிய பெரிய மூசைக்குள் புதைத்து மஃபிள் உலையில் சுடலாம். கரி கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே பொருள் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கழுவுதல்

இரும்பு ஏற்றாத கரியை ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில மணி நேரம் கலக்கிக் கழுவினால், கால்சியமும் பாஸ்பேட்டும் கரையக்கூடிய கன உலோகங்களும் வெளியேறி, அடைபட்ட துளைகள் திறக்கும். இரும்பேற்றிய கரியை இப்படிக் கழுவினால் பாடுபட்டு ஏற்றிய இரும்பும் போய்விடும். அதற்கு வாலைவடிநீர் மட்டும் போதும். கழுவிய நீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்மையாகக் கலங்கக் கூடாது, அதுவரை கழுவவும். பின்னர் 60 டிகிரியில், முடிந்தால் வெற்றிட ஓவனில் உலர்த்தி, மீண்டும் அரைத்துச் சலித்து வைக்கவும். அமிலக் கழுவுநீரை ஆய்வகத்தின் கழுவுதொட்டியில் ஊற்றுவது கசடில் இருந்த துத்தநாகத்தையும் தாமிரத்தையும் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதாகும். சுண்ணாம்பால் நடுநிலையாக்கி உலோகங்களை வீழ்படிவாக்கித் தனிக் கழிவாகக் கையாள வேண்டும். கசடைக் குறைக்கக் கிளம்பி இன்னொரு கசடை உண்டாக்குகிறோம் என்பதைச் செலவுக் கணக்கில் மறைக்காமல் எழுதுவது நேர்மை.

சோதனை

100 மி.லி. கரைசல், லிட்டருக்கு 10 மி.கி. சிப்ரோஃப்ளாக்சசின், லிட்டருக்கு 0.3 கிராம் கரி, 1 மில்லிமோலார் சோடியம் பெர்சல்ஃபேட், 25 டிகிரி வெப்பநிலை என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. மருந்தை ஹைட்ரோகுளோரைடு உப்பாக வாங்கினால் எளிதில் கரையும். எடையைக் கணக்கிடும்போது உப்பின் பங்கைக் கழிக்க மறக்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் வெளிச்சத்தில் தானாகச் சிதையும் என்பதால் பழுப்புப் புட்டியில் வைத்து, பீக்கரையும் அலுமினியத் தாளால் சுற்ற வேண்டும். பெர்சல்ஃபேட்டின் மூலக்கூறு எடை 238, 100 மி.லி.க்கு 23.8 மி.கி. அதைத் திடமாகத் தூவாமல் அன்றன்று கரைத்த அடர்கரைசலாக 1 மி.லி. ஊற்றினால் நேரம் துல்லியமாகத் தொடங்கும். அதன் தூள் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. திறந்த மேசையில் எடை போட வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மேற்கண்ட அளவில் பீக்கரில் இருக்கும் மொத்த மருந்து 1 மி.கி.; கரி 30 மி.கி. அந்தக் கரி ஒரு கிராமுக்கு 20 மி.கி. உறிஞ்சும் சாதாரணத் திறன் கொண்டிருந்தாலே, எந்த வினையும் நடக்காமல் 0.6 மி.கி., அதாவது 60 விழுக்காடு மருந்து நீரிலிருந்து மறைந்துவிடும். நீரில் அளந்தால் 'நீக்கம் 60 விழுக்காடு' என்று வரும். மருந்து நீங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. நான் முதன்முதலில் வரைந்த வளைவு மிக அழகாக இருந்தது. பெர்சல்ஃபேட் புட்டியைத் திறக்கவே மறந்திருந்தேன் என்பது மறுநாள் எடையைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆகவே ஒரு சோதனை என்பது ஒரு பீக்கர் அல்ல. கரி மட்டும் உள்ள பீக்கர், பெர்சல்ஃபேட் மட்டும் உள்ள பீக்கர், இரண்டும் உள்ள பீக்கர், இரும்பில்லாக் கரியும் பெர்சல்ஃபேட்டும் உள்ள பீக்கர், இரண்டும் இல்லாமல் மருந்து மட்டும் உள்ள பீக்கர் என்று ஐந்தும் ஒரே நாளில், ஒவ்வொன்றும் மும்முறை ஓட வேண்டும். இரண்டும் உள்ள பீக்கரை இரு வகையாக நடத்தலாம். கரியை முதலில் 60 நிமிடம் கலக்கி உறிஞ்சுதல் சமநிலையை எட்டியபின் பெர்சல்ஃபேட்டை ஊற்றுவது ஒரு வகை. இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்ப்பது மற்றொரு வகை. முதல் வகையில் உறிஞ்சுதலையும் சிதைவையும் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் மருந்து முன்கூட்டியே வினை மையங்களை மூடிக்கொள்வதால் வேகம் குறைவாகத் தெரியக்கூடும். அதனால் இரண்டையும் செய்து இரண்டையும் எழுதவும்.

0, 2, 5, 10, 20, 30, 60 நிமிடங்களில் 1.5 மி.லி. மாதிரி எடுத்து, 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிகட்டி, உடனே வினையை நிறுத்த வேண்டும். வடிகட்டிய குழாயிலும் பெர்சல்ஃபேட் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் சம அளவு மெத்தனால் அல்லது சிறிது சோடியம் தயோசல்ஃபேட் சேர்ப்பது வழக்கம். ஃபில்டரும் மருந்தைப் பிடித்துக்கொள்ளக்கூடியது, குறிப்பாக நைலான் வகை. தெரிந்த அடர்வுள்ள கரைசலை அதன் வழியே செலுத்தி, முன்னும் பின்னும் அளந்து பார்த்தபின்தான் அந்தப் பெட்டியைப் பயன்படுத்த வேண்டும்.

அளப்பதற்கு யுவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 276 நானோமீட்டர் அருகே உள்ள உச்சத்தைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். மருந்தின் ஓரத்து வளையம் மட்டும் உடைந்து நடு வளையங்கள் அப்படியே இருக்கும் இடைப்பொருட்களும் அதே இடத்தில் ஒளியை உறிஞ்சும். அங்கே காணும் குறைவு உண்மையைவிடக் குறைவாகவோ, கரியிலிருந்து கசியும் கரிமப்பொருள் குறுக்கிட்டால் முற்றிலும் தவறாகவோ இருக்கலாம். முதல்கட்ட ஒப்பீட்டுக்கு அது போதும். முடிவாக எழுதும் எண்கள், கலவையைக் கூறு கூறாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியிலிருந்து வர வேண்டும்.

60 நிமிடம் முடிந்ததும் நீரை மட்டும் பார்த்துவிட்டுக் கரியைத் தூக்கி எறியக் கூடாது. காந்தத்தால் கரியைப் பிரித்து, ஒரு விழுக்காடு ஃபார்மிக் அமிலம் கலந்த மெத்தனாலில் இருமுறை குலுக்கி, வெளிவரும் மருந்தை அளக்க வேண்டும். தொடக்கத்தில் இட்டது 1 மி.கி.; நீரில் எஞ்சியது எவ்வளவு, கரியிலிருந்து மீண்டது எவ்வளவு, கணக்கில் வராதது எவ்வளவு? அந்தக் கணக்கில் வராத பங்குதான் சிதைந்ததாகக் கருதத்தக்கது. அதுவும், கரி மட்டும் உள்ள பீக்கரில் இதே முறையில் மருந்து முழுமையாக மீண்டு வருகிறது என்று காட்டியபின்தான்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு, செலவும் குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு ஃப்ளூரின் அணு இருக்கிறது. லிட்டருக்கு 10 மி.கி. மருந்தில் அனைத்தும் விடுபட்டால் 0.57 மி.கி. ஃப்ளூரைடு நீரில் தோன்ற வேண்டும். குடிநீர் ஆய்வகங்களில் உள்ள ஃப்ளூரைடு மின்முனையாலேயே அதை அளக்கலாம். உறிஞ்சுதல் ஒருபோதும் ஃப்ளூரைடை விடுவிக்காது. கரியில் உள்ள கால்சியமும் அலுமினியமும் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நாம் காணும் எண் குறைந்தபட்ச அளவு மட்டுமே. ஆனாலும் மூலக்கூறு உடைந்தது என்பதற்கு அது நேரடி ஆதாரம்.

வேகத்தைக் கணக்கிட, தொடக்க அடர்வை அந்தந்த நேரத்து அடர்வால் வகுத்து, அதன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்து சாய்வை எடுப்பார்கள். முதல் ஐந்து நிமிடங்களில் உறிஞ்சுதலால் ஏற்படும் செங்குத்தான சரிவையும் சேர்த்து ஒரே கோட்டில் அடைத்தால் கிடைக்கும் மாறிலிக்குப் பொருள் இல்லை.

'முழுமையாகக் கனிமமாக்கினோம்' என்று எழுதுவதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கவும். ஒரு மூலக்கூறு சிப்ரோஃப்ளாக்சசினைக் கார்பன் டை ஆக்சைடும் நீரும் அம்மோனியமும் ஃப்ளூரைடுமாக மாற்ற 70 எலக்ட்ரான்களைப் பறிக்க வேண்டும். ஒரு பெர்சல்ஃபேட் அயனி ஏற்பது 2. ஆகவே 35 பெர்சல்ஃபேட் தேவை. 10 மி.கி. என்பது 0.03 மில்லிமோல், அதற்கு 1.06 மில்லிமோலார் வேண்டும். கரைந்த ஆக்சிஜனின் உதவியை ஒதுக்கிவிட்டால், நாம் இட்ட 1 மில்லிமோலார் ஒரு துளியும் வீணாகாமல் செலவானாலும் போதாது. மொத்தக் கரிமக் கார்பன் அளவு 95 விழுக்காடு குறைந்ததாக வந்தால் மகிழ்வதற்குப் பதில் கரியின் துளைகளுக்குள் தேட வேண்டும்.

எது சிதைக்கிறது?

மெத்தனால் சேர்த்தால் சல்ஃபேட், ஹைட்ராக்சில் ஆகிய இரு தனி உறுப்புகளும், அதாவது இணையற்ற எலக்ட்ரானால் தீவிரமாக வினைபுரியும் துகள்களும், தடைபடும். டெர்ட்-பியூட்டனால் பெரும்பாலும் ஹைட்ராக்சிலை மட்டும் தடுக்கும். ஃபர்ஃபியூரைல் ஆல்கஹால், ஆக்சிஜனின் ஆற்றல் மிகுந்த வடிவமான ஒற்றை ஆக்சிஜனைப் பிடிக்கும். இந்த மூன்றையும் தனித்தனியாகச் சேர்த்து, எதில் வேகம் குறைகிறது என்று பார்ப்பது வழக்கமான முறை. இதை நான் ஓரளவுக்கு மேல் நம்புவதில்லை. ஆல்கஹால்கள் கரியின் மேற்பரப்பில் படிந்து மருந்தின் இடத்தைப் பிடிக்கின்றன. ஃபர்ஃபியூரைல் ஆல்கஹால் மற்ற உறுப்புகளுடனும் தாராளமாக வினைபுரிகிறது. எதைச் சேர்த்தும் வேகம் குறையவில்லையென்றால், மருந்திலிருந்து கரி வழியாகப் பெர்சல்ஃபேட்டுக்கு எலக்ட்ரான் நேரடியாகப் பாய்கிறது என்று ஐயுறலாம். கரியைப் பூசிய மின்முனையில் பெர்சல்ஃபேட்டையும் மருந்தையும் அடுத்தடுத்து விட்டு மின்னோட்ட மாற்றத்தைப் பார்த்தால் அந்த ஐயம் வலுப்படும் அல்லது நீங்கும். பெர்சல்ஃபேட் எவ்வளவு செலவாகிறது என்பதைப் பொட்டாசியம் அயோடைடு முறையில் 352 நானோமீட்டரில் அளந்து உடன் எழுதுவது, தடுப்பான்களின் பட்டியலைவிடப் பயனுள்ளது.

இரும்பு கரைந்து நீரில் நின்று வேலை செய்கிறதா, கரியின் மேல் இருந்தபடியே செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில் பாதிக் கரைசலை வடிகட்டித் தனியே வைத்து, அதில் மருந்து தொடர்ந்து குறைகிறதா என்று கவனிக்கவும். கரைந்த இரும்பைப் ஃபினாந்த்ரோலின் சேர்த்து 510 நானோமீட்டரில் அளக்கலாம்.

உண்மையான கழிவுநீரில்

வாலைவடிநீரில் கிடைத்த வேகம் சுத்திகரிப்பு நிலையத்து நீரில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழுந்தால் வியப்படைய வேண்டாம். பைகார்பனேட்டும் கரைந்த கரிமப்பொருளும் தனி உறுப்புகளைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. பாஸ்பேட் இரும்பின் மேல் ஒட்டி மையங்களை மூடுகிறது. குளோரைடு இதைவிடச் சிக்கலானது. சல்ஃபேட் தனி உறுப்பு குளோரைடைத் தாக்கிக் குளோரின் உறுப்புகளை உண்டாக்குகிறது; பெர்சல்ஃபேட்டுக்குப் பதில் ஆக்ஸோன் என்ற பெயரில் விற்கும் பெராக்சிமோனோசல்ஃபேட்டைப் பயன்படுத்தினால் அது வினையூக்கியே இல்லாமல் குளோரைடுடன் வினைபுரிந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தரும். மருந்து விரைவாக மறையும், வளைவு அழகாக வரும்; நீரில் குளோரின் ஏறிய இடைப்பொருட்கள் நிற்கும். உப்பேறிய கடலோர நகரத்துக் கழிவுநீருக்கு ஆக்ஸோனைத் தவிர்த்துச் சோடியம் பெர்சல்ஃபேட்டையே நான் தேர்வேன், வேகம் குறைந்தாலும்.

1 மில்லிமோலார் பெர்சல்ஃபேட் முழுவதும் வினைபுரிந்தால் லிட்டருக்கு 192 மி.கி. சல்ஃபேட் நீரில் சேரும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் சல்ஃபேட்டுக்கு ஏற்கத்தக்க அளவு 200 மி.கி., மாற்று ஆதாரம் இல்லாதபோது 400 மி.கி. மறுபயன்பாட்டுக்கு அனுப்பும் நீரில் இது சிறிய கூடுதல் அல்ல. எனவே இம்முறை ஊரின் மொத்தக் கழிவுநீருக்கு ஏற்றதன்று. மருந்து ஆலை அல்லது மருத்துவமனையின் அடர்ந்த, அளவில் சிறிய ஓடைக்கு, அது பொதுச் சாக்கடையில் கலக்கும் முன் பயன்படுத்தத் தக்கது.

அதே கரியை நான்கைந்து முறை மீண்டும் பயன்படுத்திப் பார்க்கவும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் நீரால் கழுவி உலர்த்தி, இழந்த எடையை மற்றொரு பீக்கரின் கரியால் ஈடுசெய்ய வேண்டும். இல்லையென்றால் திறன் குறைந்ததா, கரி குறைந்ததா என்று தெரியாது. நைட்ரஜனில் மீண்டும் சூடாக்கினால் துளைகளில் படிந்தவை போகும். ஆக்சிஜனேற்றம் அடைந்த மேற்பரப்பு முழுமையாகத் திரும்புவதில்லை. இறுதியில் கன உலோகக் கசிவையும் சோதிக்க வேண்டும். அசெட்டிக் அமிலக் கரைசலில் 1:20 எடை விகிதத்தில் 18 மணி நேரம் சுழற்றும் முறை கழிவை வகைப்படுத்துவதற்கானது. அத்துடன், வினை முடிந்த நீரிலேயே துத்தநாகம், தாமிரம், நிக்கல், குரோமியம், காரீயம் ஆகியவற்றை அளப்பதுதான் இங்கே நேரடியான கேள்விக்கு விடை தரும்.

கடைசிச் சோதனையை நுண்ணுயிரியல் துறையில் ஒரு நண்பரிடம் கொடுக்கவும். வினைக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரை, மியூலர்-ஹின்டன் அகார் என்னும் வளர்ப்பு ஊடகத்தில் பரப்பிய ஈ. கோலை பாக்டீரியா மேல் சிறு குழிகளில் விட்டு, மறுநாள் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வளர்ச்சியற்ற தெளிவட்டம் எவ்வளவு என்று அளப்பது முறை. எஞ்சிய பெர்சல்ஃபேட்டே பாக்டீரியாவைப் பாதிக்கும் என்பதால் முன்னதாகத் தயோசல்ஃபேட்டால் அதை நீக்கி, தயோசல்ஃபேட் மட்டும் உள்ள குழி ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும்.

விழுக்காட்டை விட்டு அளவைப் பார்த்தால் இச்சோதனை ஏன் தேவை என்பது தெரியும். லிட்டருக்கு 10 மி.கி. மருந்தில் 99 விழுக்காடு நீங்கியபின் எஞ்சுவது 100 மைக்ரோகிராம். தரக்கட்டுப்பாட்டுக்குப் பயன்படும் ஈ. கோலை 25922 இனத்தின் வளர்ச்சியை நிறுத்த லிட்டருக்கு 4 முதல் 16 மைக்ரோகிராம் போதும். எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியா மட்டும் தப்பிப் பெருகாமல் இருக்க, லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று 2016இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. எஞ்சிய 100 மைக்ரோகிராம் அதைப் போல 1,500 மடங்குக்கும் மேல். தெளிவட்டம் மறையவில்லையென்றால், பெர்சல்ஃபேட்டைக் கூட்டுவதற்கு முன் அதே நீரை இரண்டாவது தொகுதிக் கரியில் ஒருமுறை செலுத்தி, மீண்டும் அதே தட்டில் சோதித்துப் பார்க்கவும்.